பல்லியின் பெயரும் பல்லியின் சொல்லும்

தறி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் பல்லியின் குரல் கேட்காது. மிதிக்கட்டை இறங்கும் சத்தம், மேலே ஜக்கார்டு பெட்டி ஏறி இறங்கும் சத்தம், பலகை வந்து அடிக்கும் சத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்து வேறெதையும் காதில் விழ விடுவதில்லை. செவிலிமேட்டில் ஒரு நெசவாளர் வீட்டுக்கு நான் போன அன்று தறி நின்றிருந்தது. ஒரு பாவு முடிந்து அடுத்த பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். பழைய பாவின் இழை முனை ஒவ்வொன்றையும் புதிய பாவின் இழையோடு சேர்த்து, விரல் நுனியால் முறுக்கிவிடும் வேலை அது. ஆயிரக்கணக்கான இழைகள். பேச்சு தேவையில்லை, கண்ணும் விரலும் போதும்.

அந்த அமைதியில் டியூப்லைட் பட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி குரல் கொடுத்தது. பெரியவரின் விரல் நின்றது. வலக்கை மடக்கி, தறிக்கட்டையில் மூன்று முறை தட்டினார். "நல்லதைத்தான் சொல்லுது" என்றார், யாரிடமும் இல்லாமல். பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பேத்தி நிமிர்ந்து, "தாத்தா, அதுக்கு இங்கிலீஷ்ல கெக்கோன்னு பேரு" என்றாள். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அது பேரா? அது கத்துறாப்ல இல்ல இருக்குது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் அவர் சொன்னதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பு வரலாறு. அதை விரித்துச் சொல்லவும், அதற்கு எதிரே தமிழ் தன் பல்லியை எப்படிக் கேட்டிருக்கிறது என்று பார்க்கவும்தான் இந்தக் கட்டுரை.

'கெக்கோ' ஆங்கிலேயர் படைத்த சொல் அல்ல. மலாய் மொழியில் 'கேகொக்' என்பதை ஒட்டிய ஒரு வடிவம் இருந்தது. கடைசி ஒலி முழுதாக வெளிவராமல் தொண்டையிலேயே அடைபட்டு நிற்கும். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களின் படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், மருத்துவராக இருந்தவர் யாக்கோபுஸ் போந்தியுஸ். 1631-இல் அங்கேயே இறந்துபோனார். அவர் எழுதி வைத்த குறிப்புகள் 1658-இல் வில்லெம் பீசோவின் பதிப்பில் முழுமையாக வெளிவந்தன. அதில் அந்தத் தீவுகளின் பெரிய பல்லி ஒன்றைப் பற்றி எழுதும்போது, அது எழுப்பும் ஒலியாலேயே அதை மக்கள் 'கெக்கோ' என்று அழைக்கிறார்கள் என்று போந்தியுஸ் குறித்திருக்கிறார். அதைக் கொடிய விஷமுள்ளது என்றும் எழுதினார். ஒலி பற்றி எழுதியது சரி, விஷம் பற்றி எழுதியது தவறு. அந்தத் தவறு நம் வீடுகளிலும் இன்னும் உயிரோடிருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

1758-இல் லின்னேயஸ் உயிரினங்களுக்கு லத்தீன் பெயர் சூட்டியபோது இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். 1768-இல் வியன்னாவின் லாரென்டி அதை ஒரு பேரினத்தின் பெயராகவே ஆக்கினார். அந்தப் பெரிய பல்லியின் அறிவியல் பெயர் இன்று 'கெக்கோ கெக்கோ'. ஒரே ஒலி இரண்டு முறை. ஆங்கில நூல்களில் இச்சொல் 1770-களில் தென்படத் தொடங்குகிறது. முதலில் ஒரு தீவின் ஒரு பல்லிக்குப் பெயராக இருந்தது, பிறகு உலகின் பல்லிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. இன்று அந்தப் பெயருக்குள் அடங்கும் இனங்கள் 1,500-க்கும் மேல்.

இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்களின் வாயில் இச்சொல் புழங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. யூலும் பர்னெல்லும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி அதைத் தெளிவாகச் சொல்கிறது: இது இயற்கை ஆய்வாளர்களின் சொல், இங்குள்ள ஆங்கிலேயர் பேச்சில் இல்லை. இருவரில் ஒருவரான பர்னெல் சென்னை மாகாண சிவில் பணியில் இருந்தவர், தஞ்சையில் நீதிபதியாக இருந்து அரண்மனை நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் செய்தவர். மலாய் அகராதி செய்த கிராஃபர்ட் 'தக்கே', 'தக்கேக்', 'கோக்கே' என்று வேறு சில வடிவங்களைத்தான் தருகிறார் என்றும், எல்லாமே அந்தப் பிராணியின் குரலை எழுத்தில் பிடிக்கச் செய்த முயற்சிகள் என்றும் அந்த அகராதி முடிக்கிறது. நெசவாளர் பெரியவர் பாவு பிணைத்தபடி சொன்னதும் இதைத்தான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 'கெக்கோ' என்ற பெயரைத் தந்த பல்லி தமிழ்நாட்டில் இல்லை. அது டோக்கே எனப்படும் பெரிய பல்லி. ஒரு சாண் தாண்டும் உடம்பு, சாம்பல் நீலத் தோலில் செம்புள்ளிகள். நம் நாட்டின் வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம், பர்மா, அதற்கப்பால் தென்கிழக்காசியா முழுவதும் அதன் நிலம். அதன் குரல் இரண்டு அசை கொண்டது, முழு வீட்டையும் எழுப்பும் உரத்த குரல். செவிலிமேட்டுச் சுவரில் இருப்பவை வேறு. வீடுகளில் மிகுதியாக உள்ளது 'ஹெமிடாக்டைலஸ் ஃபிரெனாட்டஸ்'. மரப்பட்டையிலும் பழைய மண்டபத் தூண்களிலும் ஒட்டிக் கிடக்கும் பெரிய பல்லிக்குப் பெயர் 'ஹெமிடாக்டைலஸ் லெஷெனோல்டி', புதுச்சேரியில் தாவரத் தோட்டத்தை நடத்திய பிரெஞ்சுக்காரர் லெஷெனோவின் பெயரால் வந்தது. இவற்றின் குரல் 'கெக்-கோ' அல்ல. சின்னச் சொடுக்குகளின் வரிசை. ஆகவே ஆங்கிலத்தில் நம் வீட்டுப் பல்லியை 'கெக்கோ' என்று எழுதும்போது, வேறொரு ஊர்க்காரரின் குரலை அதன் வாயில் வைக்கிறோம்.

குரலால் பெயர் வைத்தவர்கள் இந்த வேறுபாட்டை நுட்பமாகக் காத்தார்கள். மலாயில் பெரியது டோக்கே, சின்னது 'சிச்சாக்'. தாய்லாந்தில் பெரியது 'துக்கே', சின்னது 'சிங்சோக்'. வியட்நாமில் பெரியதற்கு 'தாக் கே'. வங்காளிக்குச் சுவர்ப்பல்லி 'டிக்டிகி'. ஒவ்வொரு பெயரையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். சின்னதற்குப் பல்லிடுக்கில் பிறக்கும் ஒலிகள், பெரியதற்குத் தொண்டையில் பிறக்கும் ஒலிகள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே இத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பல்லிதான் ஆசிரியர்.

இதே காரணத்தால் ஒரு எச்சரிக்கையும் தேவை. தமிழில் பல்லிக்கு 'கௌளி' என்றொரு பெயர் உண்டு. பேச்சில் கவுளி, கெவுளி. 'கெக்கோ', 'கௌளி' இரண்டும் ககரத்தில் தொடங்குவதைப் பார்த்து உறவு கொண்டாட யாருக்கும் ஆசை வரும். டோக்கேயையும் மயிலின் தோகையையும் முடிச்சுப் போடவும் ஆள் இருப்பார்கள். ஒலியிலிருந்து பிறக்கும் சொற்கள் உறவே இல்லாமல் ஒத்திருக்கும். அதனால்தான் மொழிக்குடும்பங்களை நிறுவ வருபவர்கள் இத்தகைய சொற்களைச் சான்றாக எடுப்பதில்லை. காகத்துக்கு உலகில் எத்தனையோ மொழிகளில் 'கா' ஒட்டிய பெயர் இருக்கிறது, அதனால் அம்மொழிகள் உடன்பிறப்புகள் ஆகிவிடா. சொல்லாராய்ச்சி என்ற பெயரில் நம்மிடையே உலவும் பலவற்றுக்கு இந்த ஒரு விதி தெரிந்திருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும்.

தமிழின் முதன்மைப் பெயர் 'பல்லி'. மலையாளத்தில் அதே பல்லி, தெலுங்கில் பல்லியே முதலெழுத்து மெலிந்து நிற்கிறது, கன்னடத்தில் பகரம் ஹகரமாகி 'ஹல்லி'. பழைய, பொதுவான திராவிடச் சொல். ஆனால் அதில் பல்லியின் குரல் இல்லை. காக்கை, கூகை என்று சில பறவைகளுக்குக் குரலாலேயே பெயர் வைத்த மொழி, இரவெல்லாம் தலைமாட்டில் குரல் கொடுத்த பல்லிக்கு அப்படி வைக்கவில்லை. கேட்காமல் விட்டதா?

இல்லை என்பது என் முடிவு. தமிழ் அந்தக் குரலைப் பெயரில் வைக்கவில்லை, வினையில் வைத்தது.

சங்கப் பாட்டுகளைப் பல்லியை மட்டும் தேடி ஒருமுறை படித்தால் இது விளங்கும். பல்லி அங்கே 'படும்'. படுதல் என்றால் ஒலித்தல், பாடு என்றால் ஓசை. கலித்தொகையின் பாலைக்கலியில் பல்லி 'இசைக்கிறது', தலைவன் திரும்பி வருவான் என்பதற்கு இசைவான இடத்திலிருந்து. குறுந்தொகையின் 16-ஆம் பாட்டில் 'பயிர்கிறது'. பயிர்தல் என்றால் வெறும் ஒலித்தல் அல்ல, தன் இணையையோ குட்டியையோ கூவி அழைத்தல். மூன்று வினை, மூன்று வகைக் கேட்பு.

அந்தப் 16-ஆம் பாட்டில் சற்று நிற்க வேண்டும். பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. பொருள் தேடிப் போன தலைவன் கள்ளிக்காட்டைக் கடந்து போகிறான். அங்கே செங்கால் கொண்ட ஆண் பல்லி தன் துணையை அழைக்கிறது. அதைக் கேட்டால் அவனுக்கு நம் நினைவு வராதா என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். பல்லியின் அந்த ஒலி எப்படி இருந்தது என்று புலவர் காட்டும் உவமைதான் அரியது. வழிப்பறிக் கள்வர் தங்கள் இரும்பு அம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அதன் முனையை நக நுனியில் வைத்துப் புரட்டுவார்களாம். அப்போது எழும் சன்னமான, வறண்ட, விட்டுவிட்டு வரும் உரசல் ஒலி. அதுபோல என்கிறார். நகத்தில் ஒரு ஊசியைப் புரட்டிப் பாருங்கள். உண்மை தெரியும். தென்கிழக்காசியா முழுவதும் எழுத்தால் பிடிக்க முயன்ற ஒலியை இவர் எழுத்தை விட்டுவிட்டு உவமையால் பிடித்திருக்கிறார். கூடவே, பாலையின் அச்சமும் அந்த ஒலிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. தலைவன் காதில் விழுவது காதல் அழைப்பா, கள்வர் அம்பா என்று தெரியாத காடு அது.

அவர் 'பயிரும்' என்ற சொல்லைப் போட்டது வெறும் கவிதை வழக்கு அல்ல. பகலில் திரியும் ஓணான் தலையை ஆட்டியும் தாடையைச் சிவக்கவைத்தும் தன் எல்லையையும் துணையையும் காக்கிறது. இருட்டில் இரை தேடும் பல்லிக்கு அந்தச் சைகை பயன்படாது, அதனால் அதற்குக் குரல் வேண்டியிருக்கிறது. பல்லி இனத்தில் பெரும்பாலானவற்றுக்குக் குரல் நாண்கள் உண்டு, ஓணான், அரணை போன்றவை பெரும்பாலும் ஊமை. 1974-இல் டேல் மார்செலினி என்ற ஆய்வாளர் நம் வீட்டுப் பல்லியின், அதாவது ஃபிரெனாட்டஸின் குரலை ஆராய்ந்து மூன்று வகையாகப் பிரித்தார். தொடர்ச்சியாகப் பல சொடுக்குகள் வருவது ஒன்று, நாம் 'பல்லி சொல்கிறது' என்பது இதைத்தான். பெரிதும் ஆண் பல்லிகள் தம் இருப்பையும் எல்லையையும் அறிவிக்கும் குரல் இது. சண்டையில் எழும் கரகரப்பு இரண்டாவது. பிடிபட்டால், வலித்தால் வரும் ஒற்றைக் கீச்சு மூன்றாவது. பல்லியின் பேச்சு பல்லியை நோக்கியது என்பதை ஆய்வகம் உறுதி செய்தது. கள்ளிக்காட்டில் நின்ற புலவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

ஆனால் தமிழர் காது அத்தோடு நிற்கவில்லை. அதே சங்கத் தொகைகளில் இன்னொரு கேட்பும் ஓடுகிறது. பிரிந்தவனை எண்ணிச் சுவரைப் பார்த்தபடி இருக்கும் பெண், பல்லி ஒலிக்கும்போதெல்லாம் நல்லதாகச் சொல் என்று நடுக்கத்தோடு அதை வேண்டுகிறாள். அகநானூறு காட்டும் காட்சி அது. செவிலிமேட்டில் தறிக்கட்டையைத் தட்டிய கை அந்தப் பெண்ணின் கைதான். நற்றிணை 98-இல் உக்கிரப்பெருவழுதி இன்னும் ஒரு படி மேலே போகிறார். தினை மேய வந்த காட்டுப்பன்றி, கொல்லைக்குள் நுழையும் நேரத்தில் பல்லி ஒலிக்கக் கேட்டு, மெதுவாகப் பின்வாங்கித் தன் மலைக் குகைக்கே திரும்புகிறது. பன்றிக்கும் சகுனம் புரிகிற உலகம். அங்கே பல்லி பன்றியோடும் பேசுகிறது, மனிதரோடும் பேசுகிறது.

இந்த இரண்டாவது கேட்பிலிருந்துதான் 'பல்லி சொல்லுது' என்ற நம் இன்றைய வழக்கு வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பழந்தமிழில் நற்சொல் கேட்டல் ஒரு வழக்கமாக இருந்தது, அதற்குப் பெயர் விரிச்சி. முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் தூவித் தொழுது ஊர்ப்புறத்தில் காத்து நிற்கிறார்கள். இடைக்குலப் பெண் ஒருத்தி கன்றைப் பார்த்துச் சொல்லும் ஆறுதல் அவர்கள் காதில் விழ, அதையே தலைவன் திரும்புவதற்கான வாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். தனக்காகச் சொல்லப்படாத ஒன்றைத் தனக்கான சொல்லாகக் கேட்பதுதான் விரிச்சியின் அடிப்படை. பல்லியும் அப்படித்தான். அது தன் துணைக்குச் சொல்வதை நாம் நமக்கான சொல்லாகக் கேட்கிறோம். காத்திருப்பவர் எதிர்பார்ப்பது நற்சொல் என்பதால், பல்லியின் ஓசையும் 'சொல்' ஆனது. காகம் கரையும், மயில் அகவும், ஆந்தை அலறும், யானை பிளிறும் என்று பிராணிக்கு ஒரு வினை வைத்த மொழியில், மனிதருக்கு உரிய 'சொல்' என்ற வினையைப் பெற்றது பல்லிதான். கிளிகூடப் 'பேசும்' என்றுதான் சொல்கிறோம், கற்றுக்கொடுத்ததைப் பேசும். பல்லி சொல்லும்.

பேச்சில் இன்னும் இரண்டு வழக்குகள் உண்டு. ஒன்று 'கெவுளி அடிக்குது'. மற்றொன்று 'உச்சுக் கொட்டுது'. இரண்டாவது எனக்கு மிகப் பிடித்தது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வெடுக்கென்று விடுவிக்கும்போது எழும் அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து கிடையாது. இரங்கும்போதும், 'அடடா' என்னும்போதும், கைக்குழந்தையைக் கூப்பிடும்போதும் நாம் அதை எழுப்புகிறோம். நாவின் அந்த எழுதப்படாத ஒலியும் சுவரில் கேட்கும் சொடுக்கும் ஒன்றே என்று கண்டுகொண்டவர்கள் இரண்டுக்கும் ஒரே வினையைக் கொடுத்திருக்கிறார்கள். மலாய்க்காரர் 'சிச்சாக்' என்றும் வங்காளி 'டிக்டிகி' என்றும் எழுத்தில் அடைத்ததை, தமிழர் தம் வாயில் உள்ள எழுத்தில்லா ஒலியோடு நேராகச் சேர்த்துவிட்டார்கள்.

வங்காளத்திலும் பல்லிக்கு வாக்குரிமை உண்டு. யாராவது ஏதாவது சொல்லும்போது டிக்டிகி ஒலித்தால் 'டிக் டிக் டிக்' என்பதை 'டீக், டீக், டீக்' என்று, அதாவது 'சரி, சரி, சரி' என்று கேட்டு, சொன்னது உண்மை என்பார்கள். வாக்குப் பலிதம் உள்ள கனா என்ற பெண்ணின் நாக்கை அறுத்தபோது அதைத் தின்ற பல்லிக்கு அவளுடைய அறிவு வந்தது என்று ஒரு நாட்டுக்கதை உண்டு. ஜாவாவில் டோக்கே எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணிப் பலன் பார்ப்பார்கள். நாமும், பேச்சுக்கு நடுவில் பல்லி ஒலித்தால் "பாரு, பல்லி சொல்லுது, சத்தியம்" என்கிறோம். பெயர்கள் வேறு, பழக்கம் ஒன்று.

செவிலிமேட்டிலிருந்து சில கிலோமீட்டரில் சின்ன காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயிலில் கருவறையை ஒட்டிய விதானத்தில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும், சாட்சியாகச் சூரிய சந்திரரும் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் பட்டுச் சேலைக் கடைக்கு அடுத்தபடி கேட்பது இந்தப் பல்லிகளைத்தான். தலபுராணக் கதை எளியது. கௌதம முனிவரிடம் இருந்த இரண்டு சீடர்கள் பூசைக்குக் கொண்டுவந்த நீரில் பல்லி விழுந்திருந்ததைக் கவனிக்கவில்லை. பல்லிகளாகுமாறு சபிக்கப்பட்டார்கள். அத்திகிரியில் பெருமாளை வணங்கிச் சாபம் நீங்கினார்கள். இப்பல்லிகளைத் தொட்டவருக்குப் பல்லி விழுந்த தோஷம் இல்லை என்பது நம்பிக்கை.

இந்தக் கதையின் நடுவில் இருப்பது தண்ணீர்க் குடம் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். செவிலிமேட்டை ஒட்டிச் சாலைக்கிணறு இருக்கிறது. விந்தியக் காட்டில் தனித்து விடப்பட்ட இளம் இராமானுசரை வேடன், வேடுவச்சி உருவில் பெருமாளும் தாயாரும் அழைத்துவந்து, தாகம் என்று நீர் கேட்டு மறைந்த இடம் அது என்பது வைணவ மரபு. அதற்குப் பிறகு அந்தக் கிணற்று நீரை நாள்தோறும் வரதருக்குச் சுமந்து செல்வதையே இராமானுசர் தொண்டாகக் கொண்டார். ஒரே கோயிலைச் சுற்றி இரண்டு நீர்க்குடக் கதைகள். ஒன்றில் குடம் சுமந்தவர் ஆசாரியர் ஆனார், மற்றொன்றில் குடத்தை மூட மறந்தவர்கள் பல்லி ஆனார்கள். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டியும் கிணற்றில் இறைத்தும் நீர் சுமந்த ஊரில், மூடாத குடம் எவ்வளவு பெரிய குற்றமாகத் தெரிந்திருக்கும் என்பதை இக்கதைகள் காட்டுகின்றன. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழும் என்ற பழமொழியிலும் இருப்பது அதே பானைதான். பல்லி கூரையில் ஓடும், கீழே பாத்திரம் திறந்திருக்கும், விழும். புராணமும் பழமொழியும் ஒரே சமையலறையிலிருந்து புறப்பட்டவை.

விஷம் என்ற பேச்சும் அங்கிருந்தே வருகிறது. போந்தியுஸ் படேவியாவில் எழுதியதைத்தான் நம் பாட்டிமாரும் சொன்னார்கள். வீட்டுப் பல்லிக்கு விஷமில்லை. விஷப்பல்லும் இல்லை, விஷச் சுரப்பியும் இல்லை. அதன் குடலில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிடுவது சரி. கொட்டுவதற்குக் காரணம் கிருமி, விஷமல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் துடைப்பக்கட்டையால் அடிக்கப்படும் பல்லிகள் ஏராளம். கொசுவையும் ஈசலையும் கரப்பான் குஞ்சையும் தின்று நமக்கு உதவும் பிராணி அது.

பஞ்சாங்கங்களில் பல்லிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. பல்லி விழும் பலன் ஒன்று, பல்லி சொல்லும் பலன் மற்றொன்று. முதலாவதில் தலை, நெற்றி, தோள் என்று உடம்பின் உறுப்புகள், இரண்டாவதில் கிழக்கு, தென்கிழக்கு என்று திசைகள். காஞ்சியின் தங்கப் பல்லி தீர்த்துவைப்பது முதல் பக்கத்தை. விழுந்ததற்குப் பரிகாரம் கோயிலில் இருக்கிறது. சொன்னதற்குப் பரிகாரம் எங்கும் இல்லை, அதை வீட்டில் கேட்டவரே கட்டையைத் தட்டி ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். விதானத்துப் பல்லிகள் பேசுவதில்லை. பல்லியின் குரல் வாழ்வது தறிவீடுகளிலும் திண்ணைகளிலும்தான். இந்தப் பலன்களை நான் நம்புகிறவன் அல்ல. ஆனால் ஒரு சின்னப் பிராணியின் குரலுக்குத் திசை பார்த்து, நேரம் பார்த்து, பக்கம் ஒதுக்கி அச்சிட்ட மக்கள் அந்தக் குரலைக் கவனித்துக் கேட்டிருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது.

இப்போது இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மலாய்க்காரர் குரலைப் பெயராக்கினார். பெயர் கப்பலேறி லத்தீனுக்கும் ஆங்கிலத்துக்கும் போனது. அங்கே போனதும் குரல் உதிர்ந்துவிட்டது. லண்டனிலோ சிகாகோவிலோ 'கெக்கோ' என்று சொல்லும் குழந்தைக்கு அது ஒரு ஓசை என்பதே தெரியாது, ஒட்டும் கால் கொண்ட பல்லியின் பெயர், அவ்வளவுதான். பெயர்ச்சொல் அப்படித்தான், பழகப் பழகக் காது கேட்காமல் போகும். குரலைக் கொடுத்த டோக்கே இன்று மருந்து என்ற பொய்நம்பிக்கைக்காகப் பல்லாயிரக்கணக்கில் பிடித்துக் கடத்தப்படுகிறது. 2019-இல் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டிவந்தது.

தமிழ் செய்தது வேறு. பெயரை ஊமையாக விட்டுவிட்டு வினையைப் பேசவிட்டது. வினை பழகினாலும் அதன் காது மங்குவதில்லை. 'பல்லி சொல்லுது' என்று ஒருவர் சொல்லும் ஒவ்வொரு முறையும், அந்தக் கணத்தில் ஒரு பல்லி உண்மையாகவே ஒலித்திருக்கிறது. 'கெக்கோ' என்று சொல்ல எந்தக் குரலும் கேட்கத் தேவையில்லை.

ஆனால் அந்த வினை இன்று தேய்கிறது. செய்தித்தாளிலும் கதைகளிலும் 'பல்லி கத்தியது' என்றே எழுதுகிறார்கள். ஆடும் கத்தும், கழுதையும் கத்தும், பல்லியும் கத்தும். பள்ளி ஒலிமரபுப் பட்டியல்களில் யானையும் மயிலும் குயிலும் தவறாமல் இடம்பெறுகின்றன, பல்லி பெரும்பாலும் இல்லை. காட்டு யானையின் பிளிறலைக் கேட்டே இராத குழந்தை அதை மனப்பாடம் செய்கிறது, தினமும் தன் அறையில் கேட்கும் குரலுக்குத் தமிழில் என்ன வினை என்று அதற்குச் சொல்லித்தர ஆளில்லை.

அன்று அந்த வீட்டில் பாவு பிணைத்து முடிய மாலையாகிவிட்டது. பேத்தி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, நாக்கால் உச்சுக் கொட்டினாள். பல்லி நகரவில்லை. கொஞ்சம் பொறுத்து அது திரும்பவும் ஒலித்தது. "தாத்தா, மறுபடி கத்துது" என்றாள். "கத்தல, சொல்லுது" என்று திருத்தினார் அவர்.

தமிழ் ஆசிரியர்களுக்கும் பாடநூல் எழுதுபவர்களுக்கும் என் வேண்டுகோள் அவர் சொன்னதுதான். அடுத்த முறை ஒலிமரபுப் பட்டியல் எழுதும்போது, யானைக்கும் மயிலுக்கும் கீழே ஒரு வரி சேருங்கள்: பல்லி சொல்லும்.